மெக்ரிட்சி: ஒரே சுற்றில் பல காடுகள்

சிங்கப்பூர் போய்வரும் நம்மவர்களின் பயணப் பட்டியல் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும். சிராங்கூன் ரோடு, முஸ்தபா, செந்தோசா, இரவு விலங்குத் தோட்டம். நேரம் மிஞ்சினால் மரினா பே. அந்த ஊரின் நட்ட நடுவில் ஒரு மழைக்காடு இருக்கிறது, காலையில் உள்ளே போய் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்துவிடலாம் என்றால் பலர் நம்புவதில்லை. மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் போகும் வழி அது. முழுச் சுற்று ஏறத்தாழ 11 கிலோமீட்டர். மேடு பள்ளம் உண்டு, மலையேற்றம் கிடையாது. சில இடங்களில் மரப்பலகை நடைபாதை, மற்ற இடங்களில் மண் வழி. நிதானமாக நடந்தால் நான்கைந்து மணி நேரம். பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வருகிறார்கள், வார இறுதியில் ஓடிப் பழகுகிறவர்களின் கூட்டம் வேறு.

முதல் முறை நடந்து வருகிறவர்கள் ஊருக்குள் இப்படியொரு ஆதிகாலக் காடா என்று வியப்பார்கள். வியப்பு நியாயமானது, கணக்குத்தான் தப்பு. அந்தச் சுற்றில் கண்ணில் படும் காட்டின் பெரும்பகுதி நம் கொள்ளுத்தாத்தா காலத்தில் காடாகவே இருக்கவில்லை. வெறும் பொட்டலாகவும் புல்வெளியாகவும் கிடந்தது. இடையிடையே சில துண்டுகள் மட்டும் யார் கோடரியும் முழுதாகப் படாத பழைய காடு. இந்த இரண்டையும் ஒரே பாதை மாறி மாறித் தொட்டுக்கொண்டு போவதுதான் மெக்ரிட்சியின் தனிச் சிறப்பு. எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், வெட்டிய காடு திரும்பி வர என்னென்ன வேண்டியிருக்கிறது என்பதைக் கண்ணால் காணலாம்.

1819இல் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் வந்திறங்கியபோது தீவு ஏறக்குறைய முழுக்கக் காடு. அடுத்த அறுபது எழுபது ஆண்டுகளில் அதைத் தின்று தீர்த்ததில் பெரும்பங்கு கேம்பியர் என்ற படரும் புதருக்கு. வெற்றிலையோடு மெல்லும் கத்தக்காம்பு இதிலிருந்து எடுப்பதுதான். ஐரோப்பாவின் தோல் பதனிடும் ஆலைகளும் சாயப்பட்டறைகளும் அதை டன் கணக்கில் கேட்டன. இலையையும் இளங்கிளைகளையும் வெட்டி வந்து, பெரிய இரும்புக் கொப்பரையில் மணிக்கணக்காகக் கொதிக்கவைத்து, சாற்றை வற்றவைத்துக் கட்டியாக்குவார்கள். அடுப்புக்கு விறகு வேண்டும். ஆகவே தோட்டம் போட ஒரு காடு, அடுப்பெரிக்க இன்னொரு காடு. கேம்பியர்க் கழிவைப் பக்கத்திலேயே பயிரிட்ட மிளகுக்கு உரமாகப் போட்டார்கள்; அப்படியும் 15, 20 ஆண்டுகளில் மண்ணின் சத்து தீர்ந்தது, சுற்றிலும் விறகும் தீர்ந்தது. சீனத் தோட்டக்காரர்கள் நிலத்தை அப்படியே போட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் போனார்கள். தீவு தீர்ந்த பிறகு ஜலசந்தியைத் தாண்டி ஜொகூருக்கே போனார்கள். விட்டுப்போன நிலத்தில் லாலாங் புல் ஏறியது.

அந்த வெட்டு நடந்துகொண்டிருந்தபோது, 1854இல், ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் இங்கே வந்தார். டார்வினோடு சமகாலத்தில் இயற்கைத் தேர்வுக் கொள்கையைக் கண்டடைந்தவர். மெக்ரிட்சிக்கு மேற்கே உள்ள புக்கிட் தீமா குன்றில் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் 700 வகை வண்டுகளைப் பிடித்தார். அவ்வளவு சிறிய இடத்தில் அவ்வளவு வகைகள் எப்படிக் கிடைத்தன? காட்டின் வளம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவரே எழுதியிருக்கிறார்: மரம் வெட்டும் சீனத் தொழிலாளர்கள் சுற்றிலும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். புதிதாக வெட்டிச் சாய்த்த மரங்கள், உரித்த பட்டை, குவிந்த மரத்தூள் எல்லாம் வண்டுகளுக்கு முட்டையிடத் தோதான இடங்கள். அறிவியலின் மிகச் சிறந்த சேகரிப்புகளில் ஒன்று, காடு செத்துக்கொண்டிருந்ததால் எளிதாகக் கிடைத்தது என்பது எனக்கு எப்போதும் நெருடலாகவே இருக்கிறது. அவர் நடந்த தீவின் தொடக்ககாலச் சாலைகளில் பலவற்றைப் போட்டவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகள். சென்னை மாகாணத்தவரும் அவர்களில் இருந்தார்கள்.

1883இல் தாவரவியல் தோட்டத்தின் கண்காணிப்பாளர் நத்தானியேல் கேன்ட்லி கணக்கெடுத்தபோது, தீவின் பரப்பில் சுமார் 7 விழுக்காடுதான் காடாக எஞ்சியிருந்தது. அவர் அறிக்கைக்குப் பிறகே காப்புக்காடுகள் அறிவிக்கப்பட்டன.

மெக்ரிட்சிப் பகுதியைக் காப்பாற்றியது மரத்தின் மீதான அக்கறை அல்ல, தண்ணீர்த் தட்டுப்பாடு. 1857இல் டான் கிம் செங் என்ற வணிகர் நகரத்துக்கு நல்ல குடிநீர் கொண்டுவர 13,000 டாலர் கொடுத்தார். பணம் வந்தும் வேலை இழுத்தடித்து, 1868இல்தான் அணைக்கரை முடிந்தது. 1890களில் நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிட்சி அதை விரிவாக்கினார். 1922இல் அவர் பெயரையே வைத்தார்கள். நீர்த்தேக்கம் வந்துவிட்டால் சுற்றியுள்ள நிலத்தைத் திறந்துபோட முடியாது. வெப்பமண்டல மழையின் ஒவ்வொரு துளியும் வெறும் மண்ணில் விழும்போது சிறு பள்ளம் பறித்து மண்ணைத் தெறிக்கவிடும். ஓடும் நீர் அதை வாரிக்கொண்டு போய்த் தேக்கத்தின் அடியில் வண்டலாக இறக்கும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் ஊரில் சில பத்தாண்டுகளிலேயே கொள்ளளவு குறைந்துவிடும். இலைக் கூரையும் தரையில் கிடக்கும் சருகும் துளியின் வேகத்தைத் தாங்கிக்கொண்டால் நீர் மண்ணுக்குள் இறங்கி மெல்லக் கசிந்து வரும். அதனால் நிலத்தை வேலி போட்டு விட்டுவிட்டார்கள். காடு தன் பாட்டுக்கு வளரத் தொடங்கியது. இன்று நான்கு நீர்த்தேக்கங்களைச் சுற்றி 2,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்திருக்கும் மத்திய நீர்ப்பிடிப்புக் காப்புக்காட்டின் தென்கோடிதான் மெக்ரிட்சி.

வளரத் தொடங்கியது என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டேன். அந்த வளர்ச்சி எவ்வளவு தடங்கல் நிறைந்தது என்பதைப் பாதையே காட்டும்.

கரையோரத்திலும் திறந்த மேட்டிலும் முதலில் எதிர்ப்படும் காடு மெலிந்தது. மரங்கள் கையால் கட்டிப் பிடிக்கக்கூடிய பருமன், ஏறக்குறைய ஒரே உயரம், வெயில் தாராளமாகத் தரைக்கு வருகிறது. மலாய்க்காரர்கள் தியூப்-தியூப் என்று சொல்லும் மரம் இங்கே மிகுதி. கூடவே சிம்போ ஆயர் என்ற பெரும்புதர். இதை யாரும் தவறவிட முடியாது: முறம் முறமாக இலை, உள்ளங்கை அகல மஞ்சள் பூ. பூ ஒரே நாள்தான் மலர்ந்திருக்கும், மறுநாள் இதழ்கள் தரையில். காய் வெடிக்கும்போது நட்சத்திர வடிவில் விரிந்து, சிவப்புச் சதை போர்த்திய விதைகளைக் காட்டும். பறவைகள் கொத்திக்கொண்டு போகும். ஒரு காலத்தில் சந்தையில் பொட்டலம் கட்ட இந்த இலையைத்தான் பயன்படுத்தினார்கள். தரையில் ரேசாம் என்ற பெரணி புதராக மண்டிக் கிடக்கும், வெயில் படும் ஓரங்களில் குடுவைத் தாவரமும் இருக்கும். பூச்சியைப் பிடித்துத் தின்னும் செடி ஓரிடத்தில் செழித்திருக்கிறது என்றாலே அங்கே மண்ணில் நைட்ரஜன் போதவில்லை என்று அர்த்தம்.

கேம்பியர் உறிஞ்சிப்போட்ட மண் அது. அமிலத்தன்மை மிகுந்தது, பாஸ்பரஸும் நைட்ரஜனும் வற்றியது. மழைக்காடு செழிப்பாக இருப்பதைப் பார்த்து அதன் மண்ணும் வளமானது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் வெப்பமண்டலத் தாழ்நிலக் காட்டில் சத்தின் பெரும்பங்கு மண்ணில் இல்லை. மரத்தின் உடம்பிலேயே இருக்கிறது. இலை விழும், கறையானும் பூஞ்சையும் சில மாதங்களில் அதைச் சிதைக்கும், மேல் மண்ணில் பின்னிக் கிடக்கும் நுண்வேர்கள் சத்தை உடனே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். கீழே இறங்கித் தங்க நேரமே கிடையாது. மரத்தை வெட்டி எரித்து எடுத்துப் போய்விட்டால் சத்தையும் மூட்டை கட்டி அனுப்பியதாகிறது. பாதையில் நடக்கும்போது வேர்கள் தரைக்கு மேலேயே கயிறு கயிறாக ஓடுவதைப் பார்க்கலாம். மரப்பலகை நடைபாதை போட்டிருப்பது நம் செருப்பில் சேறு படக் கூடாது என்பதற்காக மட்டும் அல்ல. ஆயிரக்கணக்கான கால்கள் அழுத்தினால் அந்த மேல் மண் இறுகி, நுண்வேருக்குக் காற்றும் நீரும் கிடைக்காமல் போகும்.

கொஞ்சம் உள்ளே போனால் காடு உயர்கிறது. நிழல் கூடுகிறது. நூறாண்டைத் தாண்டி மீண்டெழுந்த பகுதி இது. பார்வைக்கு நல்ல காடுதான். பிரம்பு உண்டு, கொடி உண்டு, தொற்றுத் தாவரம் உண்டு. நடுவே பழைய ரப்பர் மரங்களும் தென்படும். கேம்பியருக்குப் பின் வந்த அடுத்த அலை அது. 1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த 22 கன்றுகளில் தொடங்கி மலாயா முழுக்கப் பரவி, நம் ஊர்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் பால் வெட்டக் கப்பல் ஏறக் காரணமான மரம். அதன் காய் நடுப்பகலில் படாரென்று வெடித்து விதையைத் தூக்கி எறியும். தெரியாதவர்கள் யாரோ கல்லெறிகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

இந்த உயரமான மறுவளர்ச்சிக் காட்டில் என்ன குறை? தாவரவியலாளர்கள் அதைச் சதுரம் சதுரமாகப் பிரித்து மரங்களை எண்ணியிருக்கிறார்கள். 1997இல் வெளியான ஆய்வின் முடிவு தெளிவு: ஏறத்தாழ நூறு வயதான மீண்டெழுந்த காட்டில், அதே பரப்புள்ள பழைய காட்டைவிட மர வகைகள் மிகவும் குறைவு. இத்தனைக்கும் இரண்டும் அடுத்தடுத்து இருப்பவை. இடையில் மதில் இல்லை, ஆறு இல்லை. பின் ஏன் பழைய காட்டு மரங்கள் இந்தப் பக்கம் நடந்து வரவில்லை?

பதிலைத் தேட வேண்டிய இடம், பழைய துண்டு ஒன்றின் நடுவில் நிற்கும் பெருமரத்தின் அடி. அந்த இடம் வந்துவிட்டது என்பதை அறிய அடையாளங்கள் உண்டு. அடிமரத்திலிருந்து ஆள் உயரத்துக்கு மேல் பலகை பலகையாக விரியும் வேர். அதற்கு மேல் கிளையே இல்லாமல் நேராக 20, 25 மீட்டர் போகும் தண்டு. பிறகுதான் கிளை, அதன் மேல் காலிஃபிளவர் மாதிரி கூட்டம் கூட்டமாக இலை. தரையில் வெளிச்சம் அநேகமாக இல்லை. மேலே விழும் வெயிலில் ஒன்றிரண்டு விழுக்காடுதான் இங்கே வந்து சேரும். தென்கிழக்காசியக் காடுகளை ஆளும் டிப்டெரோகார்ப் குடும்பத்து மரங்கள் இவை. மெராந்தி, செராயா, கெருயிங் என்று மலாய்ப் பெயர்களில் அறிமுகமானவை. நமக்கும் இந்தக் குடும்பம் அந்நியமல்ல. குங்கிலியம் தரும் சால மரம் இதே குடும்பம்தான்.

இவற்றின் காய் தரையில் கிடைத்தால் குனிந்து பாருங்கள். வேர்க்கடலை அளவிலிருந்து பாக்கு அளவு வரை ஒரு கொட்டை. அதன் தலையில் விரல் நீளத்துக்குக் காய்ந்த இறக்கைகள், சிலவற்றில் இரண்டு, சிலவற்றில் மூன்று அல்லது ஐந்து. இறக்கை ஒவ்வொன்றிலும் நெடுகிலும் நரம்புகள் ஓடும். மேலிருந்து விழும்போது அது சுழன்று சுழன்று இறங்கும். பறக்கத்தானே இறக்கை, வெகுதூரம் போகுமே என்று தோன்றும். போவதில்லை. கொட்டை கனம், காட்டுக்குள் காற்றோ குறைவு. பெரும்பாலானவை தாய்மரத்திலிருந்து சில பத்து மீட்டருக்குள் விழுந்துவிடுகின்றன. பலமான காற்றடிக்கும் நாளில் சில அதற்கு அப்பால் போகலாம்.

அடுத்த சிக்கல், காய்ப்பு. இந்த மரங்கள் ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. இரண்டு முதல் பத்து ஆண்டு வரை சும்மா நிற்கும். பிறகு ஒரு வறட்சி, அல்லது இரவு வெப்பநிலை வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறங்கும் சில நாட்கள். எல் நீன்யோ ஆண்டுகளில் இது நடக்கும். உடனே காட்டிலுள்ள பல வகை மரங்களும் சொல்லிவைத்தாற்போல ஒன்றாகப் பூக்கும். சில மாதத்தில் தரையெல்லாம் காய். இப்படி ஏன் செய்கின்றன? ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்த்தால் அணிலும் எலியும் பன்றியும் பூச்சியும் மிச்சமே வைக்காது. பல ஆண்டு பட்டினி போட்டுத் தின்னிகளின் எண்ணிக்கையைக் குறையவைத்து, ஒரே நேரத்தில் கொட்டினால், ஊரே உட்கார்ந்து சாப்பிட்டும் மிஞ்சிப்போகும் கல்யாணப் பந்தி மாதிரி ஆகிவிடும். மிஞ்சுகிற விதை முளைக்கும். தந்திரம் நல்லதுதான், ஆனால் விதைக்குக் காத்திருக்கத் தெரியாது. உறக்கநிலை இல்லாத விதை. சில நாள், சில வாரத்துக்குள் முளைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடும். மண்ணில் சேமிப்பு என்று எதுவும் இருக்காது. ஒரு மலையை ஒருமுறை முழுதாக மொட்டையடித்தால் இந்தக் குடும்பம் அங்கே முற்றிலும் அற்றுப்போகிறது, புல்லும் சிம்போ ஆயரும் விதை வங்கியிலிருந்தோ பறவை எச்சத்திலிருந்தோ திரும்பி வருவது போல அது வராது.

போதாததற்கு இவற்றின் வேரோடு ஒட்டி வாழும் தனிப்பட்ட பூஞ்சைகள் வேண்டும். மண்ணில் அரிதாக உள்ள பாஸ்பரஸைத் துழாவி எடுத்துக் கொடுத்து, பதிலுக்கு மரத்திடமிருந்து சர்க்கரை வாங்கிக்கொள்பவை. தாய்மரம் இல்லாத வெறும் நிலத்தில் அந்தப் பூஞ்சை மெலிந்துபோகிறது. ஆக விதை சில பத்து மீட்டர் தாண்டி விழுந்து, அது காய்ப்பு ஆண்டாக இருந்து, முளைத்த இடத்தில் பூஞ்சையும் இருந்து, நிழலில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, மேலே ஒரு மரம் விழுந்து வெளிச்சம் திறந்தால், ஒரு கன்று மேலே போகும். அது காய்க்க இன்னும் பல பத்தாண்டு. நூறாண்டில் இந்தக் காடு பக்கத்து மேட்டுக்கு இரண்டொரு எட்டுதான் வைத்திருக்கிறது என்பதில் வியப்பில்லை.

சதைப்பழ மரங்களின் கதை வேறு. அவற்றுக்கு ஆள் இருக்கிறார்கள். பாதையில் எல்லாருக்கும் முன்னால் வந்து நிற்பது நெடுவால் குரங்கு. பிளாஸ்டிக் பையின் சரசரப்பு கேட்டாலே இறங்கிவிடும். உணவு கொடுத்தால் சட்டப்படி அபராதம் உண்டு. சரியான நடவடிக்கை என்பேன், மிருகக் கருணை பேசுகிறவர்கள் கோபித்தாலும் சரி. இந்தக் குரங்குக்குக் காட்டில் வேலை இருக்கிறது. பழத்தைக் கன்னப்பையில் அடைத்துக்கொண்டு பத்திரமான கிளைக்குப் போய், சதையைத் தின்றுவிட்டு விதையைத் துப்பும். புக்கிட் தீமாவில் ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்ததில், மிகச் சிறிய விதைகளைத்தான் அது விழுங்குகிறது, கொஞ்சம் பெரிதானால் துப்பிவிடுகிறது. துப்பும் இடம் தாய்மரத்திலிருந்து தள்ளி. நம் கையிலிருந்து ரொட்டித் துண்டு வாங்கித் தின்னும் குரங்கு அன்றைக்கு எந்த மரத்தின் விதையையும் சுமப்பதில்லை.

குரங்குக் கூட்டம் கிளையை உலுக்கிப் போகும்போது பின்னாலேயே ஒரு கரும்பறவை வருவதைக் கவனியுங்கள். துடுப்புவால் கரிச்சான். வால் நுனியில் இரண்டு கம்பி, கம்பி நுனியில் முறுக்கிய துடுப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையில் பார்த்திருப்பீர்கள். குரங்கு கிளப்பிவிடும் பூச்சியைப் பறந்து பிடிக்கத்தான் அது ஒட்டிக்கொண்டு திரிகிறது.

இல்லாமல் போனவர்களும் உண்டு. பெரிய கொட்டையுள்ள பழங்களை விழுங்கி, கிலோமீட்டர் கணக்கில் பறந்து சென்று கக்கக்கூடிய பெரிய இருவாச்சிகள் சிங்கப்பூரில் காடழிந்தபோதே அற்றுப்போயின. சிறிய இருவாச்சி வகை ஒன்று 1990களில் புலாவ் உபின் தீவில் திரும்பக் காணப்பட்டு, இப்போது நகரத் தோட்டங்கள் வரை வந்துவிட்டது. மெக்ரிட்சிக் காட்டில் பெருங்கொட்டை மரங்களுக்கு அந்த நீண்ட இடைவெளியில் தூக்கிச் செல்ல ஆள் குறைவாகவே இருந்தது.

பொறுமையாகத் தண்டுகளைத் தடவிப் பார்த்துக்கொண்டே போகிறவர்களுக்குக் கொலுகோ கிடைக்கும். பகலில் மரத்தண்டில் அப்பியபடி அசையாமல் இருக்கும். சாம்பலும் பச்சையும் கலந்த உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், பாசி படிந்த பட்டை என்றே கடந்துபோவோம். உற்றுப் பார்த்தால் இரண்டு பெரிய கண். கழுத்திலிருந்து விரல் நுனி வரைக்கும், அங்கிருந்து வால் நுனி வரைக்கும் ஒரே தோல் விரிப்பு. இருட்டியதும் அதை விரித்து மரத்துக்கு மரம் சறுக்கும். நூறு மீட்டர் தாண்டியும் போகும். குரங்கல்ல, வௌவாலல்ல. மரபணு ஆய்வுகளின்படி, குரங்கும் மனிதரும் அடங்கிய வரிசைக்கு உயிரோடிருக்கும் மிக நெருங்கிய உறவு இதுதான். சறுக்கிப் பிழைக்கும் இந்த உயிருக்கு உயர்ந்த மரங்கள் இடைவெளி விட்டு நிற்கும் காடு வேண்டும்.

நடந்து களைத்தவர்களுக்கு ஒரு குழப்பம் வரும்: நிழல் இருக்கிறது, வெயில் இல்லை, ஆனாலும் சட்டை பிழிந்தெடுக்கும் அளவுக்கு நனைகிறது. காடு குளுமை என்று சொன்னார்களே? குளுமைதான், தெர்மாமீட்டர் ஒத்துக்கொள்ளும். நகர மையத்துக்கும் மரமடர்ந்த பகுதிக்கும் இடையே 4 டிகிரி செல்சியஸ் வரை வித்தியாசம் அளந்திருக்கிறார்கள். நிழல் பாதிக் காரணம். மறுபாதி, இலைகள் வெளிவிடும் நீராவி. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2.4 மெகாஜூல் வெப்பம் வேண்டும். மின்கட்டணக் கணக்கில் சொன்னால் முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. ஒரு பெருமரம் நாளைக்கு நூறு லிட்டர் வெளிவிட்டால் 60 யூனிட்டுக்கு மேல் வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆனால் அந்த நீராவி எங்கும் போகாமல் இலைக் கூரைக்குக் கீழேயே தங்குகிறது. காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருக்க, நம் வியர்வை ஆவியாக இடமில்லை. மரத்துக்குக் கிடைத்த வசதி நமக்குக் கிடைப்பதில்லை. தண்ணீர் அதிகம் எடுத்துப் போங்கள்.

சுற்றில் எல்லாரும் தேடிப் போவது மரவுச்சித் தொங்குபாலம். 2004இல் திறந்தது, 250 மீட்டர் நீளம், காட்டுத் தரையிலிருந்து அதிகபட்சம் 25 மீட்டர் உயரம், புக்கிட் பியர்ஸ், புக்கிட் காலாங் என்ற இரண்டு மேடுகளை இணைக்கிறது. ஒரு திசையில் மட்டும்தான் நடக்கலாம். படத்துக்கு நன்றாக இருக்கும். என்னைக் கேட்டால், கூட்டம் நகரச் சொல்லித் தள்ளும் அந்தப் பாலத்தைவிடப் பக்கத்திலுள்ள ஜெலுத்தோங் கோபுரம் மேல். ஏழடுக்கு ஏறினால் விதானத்தைச் சாவகாசமாகப் பார்க்கலாம். அங்கங்கே சிவப்பும் பழுப்புமாகத் தெரிவது பூவல்ல, தளிர். மழைக்காட்டு மரங்கள் பலவும் இளம் இலைக்குப் பச்சையத்தைத் தாமதமாகத்தான் நிரப்பும். இலை மெத்தென்று இருக்கும்போதுதான் புழு தின்னும். முதிராத இலையில் விலையுயர்ந்த சத்தைப் போட்டுவைத்து இழப்பானேன்? சிவப்பு நிறமியைக் கொண்டு கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு, இலை தடித்த பிறகே பச்சையம் சேரும். கோபுரத்துக்குப் பெயர் தந்த ஜெலுத்தோங் மரத்தின் பால் ஒரு காலத்தில் சூயிங்கம் செய்யப் போனது. 1992 முதல் சூயிங்கம் விற்கத் தடைபோட்ட நாட்டில் அந்த மரத்துக்கு ஒரு கோபுரம்.

மேலே நின்று பார்க்கும்போது காடு முடிவில்லாமல் தெரியும். வரைபடத்தில் பார்த்தால் அப்படியில்லை. 1980களில் போட்ட புக்கிட் தீமா விரைவுச்சாலை, வாலஸ் வண்டு பிடித்த குன்றை இந்தக் காட்டிலிருந்து துண்டித்தது. துண்டின் ஓரம் எப்போதும் நஷ்டப்படும் இடம்: பக்கவாட்டில் வெயிலும் அனல்காற்றும் பல பத்து மீட்டர் உள்ளே நுழையும், ஈரம் போகும், பெருமரங்கள் காற்றில் சாயும், காலியான இடத்தில் களை ஏறும். துண்டு சிறிதாகச் சிறிதாக, நடுப்பகுதி என்று எதுவும் மிஞ்சாமல் எல்லாமே ஓரமாகிவிடும். 2013இல் அந்தச் சாலைக்கு மேலே, 62 மீட்டர் நீளத்தில் மண் நிரப்பி மரம் நட்ட விலங்குப் பாலம் ஒன்றைக் கட்டினார்கள். எறும்புத்தின்னி அதில் கடந்து போவதைக் கேமராக்கள் பதிவு செய்திருக்கின்றன. காட்டுக்குக் குறுக்கே புதிய ரயில் பாதை வர வேண்டும் என்ற பேச்சில் ஆறேழு ஆண்டு வாதம் நடந்தது. 2019இல், காட்டுக்கு அடியில் சுமார் 70 மீட்டர் ஆழத்தில் சுரங்கமாகக் கொண்டுபோவது என்று முடிவெடுத்தார்கள்.

இப்போது தேசியப் பூங்காக் கழகம் காப்புக்காடுகளிலும் அவற்றின் ஓரப் பூங்காக்களிலும் பத்தாண்டில் 250,000 உள்நாட்டு மரமும் புதரும் நடும் திட்டத்தை நடத்திக்கொண்டிருக்கிறது. சும்மா பச்சையாக்கும் வேலை அல்ல இது. பச்சை ஏற்கெனவே இருக்கிறது. எது தானாக வராதோ அதை நட வேண்டும்: கனத்த விதை மரங்கள், சுமப்பார் இல்லாத பெருங்கொட்டை மரங்கள். பொட்டல் வெயிலில் டிப்டெரோகார்ப் கன்று கருகிவிடும் என்பதால் அதற்கு முதலில் நிழல் வேண்டும். யாரும் மதிக்காத தியூப்-தியூப் மரங்களும் ரப்பரும் அங்கே அந்த நிழலைத் தயாராக வைத்திருக்கின்றன.

நடக்க நினைப்பவர்கள் திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், தொங்குபாலம் அன்றைக்குப் பூட்டியிருக்கும். காலை ஏழு மணிக்கே தொடங்குவது நல்லது. மதியத்துக்கு மேல் இடியோடு மழை பிடித்துக்கொள்ளும், இடியின்போது அந்த உயரத்தில் நிற்க விடமாட்டார்கள். சாப்பாட்டைப் பைக்குள் மூடி வையுங்கள். அதிர்ஷ்டவசமாக அது காய்ப்பு ஆண்டாக இருந்து, இறக்கை வைத்த கொட்டைகள் பாதையில் உதிர்ந்து கிடந்தால், புகைப்படம் எடுத்துக்கொண்டு அங்கேயே போட்டுவிடுங்கள். காப்புக்காட்டிலிருந்து எதையும் எடுத்துப் போகக் கூடாது என்பது சட்டம்.